பூட்டிக்கில் மட்டும் விற்ற க்ரோனோகிராஃப்: கூடுதலாகக் கேட்கும் காசுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள். ஜெர்மனியின் ஏ. லாங்கே அண்ட் சோனே கம்பெனி தன் சொந்த ஷோரூம்களுக்கென்றே 2015இல் கொண்டுவந்த '1815 க்ரோனோகிராஃப் பூட்டிக் எடிஷன்' வாட்ச் (நேரத்தோடு ஸ்டாப்வாட்சும் சேர்ந்தது) ஒன்று செகண்ட் ஹேண்டில் உங்களிடம் வந்திருக்கிறது. விற்பவர் "லிமிடெட் எடிஷன் சார், இனிமேல் கிடைக்காது" என்று சொல்லி, சாதாரண 1815 க்ரோனோகிராஃபை விடக் கூட்டிக் கேட்கிறார். கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. விலையைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், உங்கள் சந்தேகம் அதற்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பூட்டிக் எடிஷன் என்றால் மிஷினும் உசத்தியா, அல்லது டயலை மாற்றிப்போட்டுக் காசு பார்க்கும் வேலையா?

மிஷின் ஒன்றுதான். எல்951.5 என்ற அதே காலிபர் (மிஷின் ரகம்), அதே 306 பாகங்கள், அதே 34 ஜூவல், முழுச் சாவி கொடுத்தால் அதே 60 மணி நேர ஓட்டம். கேஸும் அதே 39.5 மில்லிமீட்டர். மாறியது டயல், எண்களின் நிறம், டயல் விளிம்பைச் சுற்றி வரும் ஓர் அளவுகோல், பிறகு அதை விற்ற இடம். இவ்வளவுதான் வித்தியாசம் என்று தெரிந்த பிறகும் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விவரமாகப் போகவேண்டும்.

முதலில் என்னைப் பற்றி, என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்வதற்காக. வாட்ச் ரிப்பேர் மேஜைதான் என் பிழைப்பு. சாவி கொடுக்கும் எச்எம்டியில் கை பழகி, பிறகு வால்ஜூ 7750, பழைய வால்ஜூ 72, செய்கோ 6139 ஆகிய மிஷின்கள் என்று க்ரோனோகிராஃப் பக்கம் ஒதுங்கியவன். லாங்கே மிஷினை நான் பிரித்ததில்லை. அதன் உதிரிபாகங்கள் எங்களைப் போன்ற வெளிக்கடைகளுக்கு வராது. சர்வீஸ் என்றால் கம்பெனி வழியாகத்தான். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து காட்டியதைப் பின்பக்கக் கண்ணாடி வழியாக லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்திருக்கிறேன், டைம்கிராஃபரில் (ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஓடவிட்டிருக்கிறேன். க்ரோனோகிராஃப் எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் சொல்வது. சந்தை விலை பற்றிச் சொல்வது வெறும் கேள்வி ஞானம். அந்த இடம் வரும்போது தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

விற்பவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே பிசகு இருக்கிறது. லிமிடெட் எடிஷன் என்றால் இத்தனைதான் செய்வோம் என்று கம்பெனி முன்கூட்டியே எண்ணிக்கையைச் சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்வது. லாங்கே அப்படியும் செய்திருக்கிறது. 2018இல் வந்த டேட்டோகிராஃப் அப்/டவுன் லூமென் (லாங்கேயின் இன்னொரு க்ரோனோகிராஃப்) 200 மட்டும். டேட்டோகிராஃபின் 25ஆம் ஆண்டுக்காக 2024இல் வெள்ளைத் தங்கத்தில் நீல டயலோடு வந்தது 125 மட்டும். ஆனால் 2015ஆம் வருட 1815 பூட்டிக் எடிஷனுக்கு அப்படி எண்ணிக்கை எதுவும் அறிவிக்கவில்லை. லாங்கேயின் சொந்த பூட்டிக்குகளில் மட்டும் விற்போம் என்பதுதான் கட்டுப்பாடு. முதல் வகையில் எண்ணிக்கைக்கு வரம்பு, இரண்டாவது வகையில் வாசலுக்கு வரம்பு. வாசல் வரம்பு உள்ள வாட்ச் குறைவாகத்தான் இருக்கும், லாங்கே வருடத்துக்குச் செய்வதே எல்லா மாடலும் சேர்த்துச் சில ஆயிரம்தானே. அதற்காக அதை எண் போட்ட லிமிடெட் எடிஷன் என்று சொல்லி விலை ஏற்றக்கூடாது. விற்பவரிடம் "எத்தனையில் எத்தனையாவது, எங்கே பொறித்திருக்கிறது?" என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே கொஞ்சம் இறங்கி வரும்.

சரி, டயலுக்கு வருவோம். அதில் ஒரு கதை இருக்கிறது. இந்த 1815 க்ரோனோகிராஃப் முதலில் 2004இல் வந்தது. 1815 என்பது கம்பெனியை ஆரம்பித்த ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே பிறந்த வருடம். அந்த முதல் மாடலின் டயலைச் சுற்றி நாடித்துடிப்பு அளக்கும் கோடு, பல்சோமீட்டர், இருந்தது. 2010இல் மிஷினைத் திருத்தி எல்951.5 ஆக்கியபோது அந்தக் கோட்டை எடுத்துவிட்டார்கள். டயல் இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். ரசிகர்களில் ஒரு கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. 2015இல் பூட்டிக் எடிஷன் வந்தபோது வெள்ளைத் தங்கக் கேஸ், வெள்ளி நிற டயல், நீல எண்கள், இவற்றோடு அந்தப் பல்சோமீட்டரும் திரும்பி வந்தது. அன்றைக்குப் புது வாட்ச் வாங்குகிறவருக்குப் பல்சோமீட்டர் வேண்டுமென்றால் பூட்டிக் படியேறித்தான் ஆகவேண்டும். ஆனால் 2017இலேயே கறுப்பு டயலில், பல்சோமீட்டரோடு, 1815 க்ரோனோகிராஃப் பொது வரிசைக்கு வந்துவிட்டது. ஆக, அந்தக் கோடு பூட்டிக்கின் தனிச்சொத்தாக இருந்தது இரண்டு வருடம்தான். இன்றும் தனித்து நிற்பது வெள்ளி டயலும் நீல எண்ணும் சேர்ந்த அந்த ஜோடி. உங்கள் கண்ணுக்கு அது பிடித்திருக்கிறதா என்பதுதான் பாதி விடை. டயலில் பூட்டிக் என்று ஓர் எழுத்துகூட இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்தவர் பார்த்தால்தான் இது அந்த வாட்ச் என்று தெரியும்.

பல்சோமீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்து டாக்டர்களுக்காக வந்த ஏற்பாடு. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேல் பொத்தானை அழுத்த வேண்டியது. 30 துடிப்பு எண்ணியதும் மறுபடி அழுத்தி நிறுத்த வேண்டியது. முள் நிற்கும் இடத்தில் விளிம்பில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் நிமிடத்துக்கான துடிப்பு. 30 துடிப்புக்கு 25 விநாடி ஆனால் 72, 20 விநாடி ஆனால் 90. கணக்குப் போடும் வேலையை டயல் செய்துவிடுகிறது. இன்றைக்கு இதை வைத்து நாடி பார்க்கும் டாக்டர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் வாங்கியவர்கள் எல்லோரும் முதல் நாள் தங்கள் கையைத் தாங்களே பிடித்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது மிஷின். இந்த வாட்சுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். எல்951.5இன் தாய் 1999இல் வந்த டேட்டோகிராஃபின் எல்951.1. அந்த வருடம் அது வந்தபோது சுவிஸ்காரர்கள் ஏன் திடுக்கிட்டார்கள் என்பதற்கு அன்றைய நிலவரம் தெரியவேண்டும். பட்டெக் ஃபிலிப், வஷெரோன் கான்ஸ்டான்டின் போன்ற பெரும் பெயர்கள்கூட அப்போது சாவி கொடுக்கும் க்ரோனோகிராஃபுக்கு லெமானியா கம்பெனியின் அடிப்படை மிஷினை வாங்கி, அதைத் திருத்தி, பளபளப்பேற்றித்தான் போட்டார்கள். பட்டெக் சொந்தமாகச் செய்த சாதாரணச் சாவி க்ரோனோகிராஃப் மிஷின் 2009இல்தான் வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, கிழக்கு ஜெர்மனியிலிருந்து மீண்டு வந்த ஒரு கம்பெனி, கிளாஸ்ஹூட்டே என்ற சின்ன ஊரிலிருந்து, அடிப்பலகையிலிருந்து எல்லாமே தன்னுடையது என்று ஒரு க்ரோனோகிராஃபைக் கொண்டுவந்து வைத்தது. கம்பெனி 1845இல் ஆரம்பித்தது, 1948இல் சோவியத் ஆதிக்கத்தில் அரசுடைமை ஆனது, பிரிந்த ஜெர்மனி ஒன்று சேர்ந்த கையோடு 1990 டிசம்பர் 7ஆம் தேதி நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கேயும் வாட்ச் தொழில் நிர்வாகி குன்டர் ப்ளூம்லைனும் சேர்ந்து மறுபடி பதிவு செய்தார்கள். அந்தத் தேதி, கொள்ளுத்தாத்தா தொழில் ஆரம்பித்த அதே நாள். 145 வருடம் கழித்து.

உள்ளே என்ன விசேஷம் என்றால், என் மேஜையில் தினமும் வரும் 7750ஓடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். 7750இல் ஸ்டார்ட், ஸ்டாப் கட்டளைகளைக் கொண்டுபோவது தகட்டில் வெட்டிய கேம் (cam, நெம்புகோலைத் தள்ளும் வளைவுத் தகடு). மலிவு, உறுதி, யாரும் பழுது பார்க்கலாம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. லாங்கேயில் அந்த வேலைக்குத் தூண் தூணாக நிற்கும் காலம் வீல் (column wheel) இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது விரலுக்கு வித்தியாசம் தெரியும். 7750இல் ஸ்டார்ட்டுக்குக் கட்டைவிரலை ஊன்றி அழுத்த வேண்டும். நல்ல காலம் வீலில் எல்லா அழுத்தமும் ஒரே கனத்தில், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் வீலோடு க்ரோனோ வீலைச் சேர்க்கும் இடம். லாங்கே பக்கவாட்டில் சேர்க்கிறது. நின்றுகொண்டிருக்கும் வீலின் பற்களுக்குள் ஓடும் வீலின் பற்கள் நுழையவேண்டும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் முள் கிளம்பும்போது ஒரு துள்ளுத் துள்ளும். எந்தப் பக்கவாட்டு அமைப்பிலும் இந்த ஆபத்து உண்டு. அதை அடக்குவது பற்களின் வடிவமும், இரண்டு வீலும் எவ்வளவு ஆழத்துக்குள் போகவேண்டும் என்று திருகி வைக்கும் நுணுக்கமும்தான். ஆழம் கூடினால் பேலன்ஸின் (மிஷினில் இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம்) வீச்சு, அதாவது அது ஆடும் அகலம், விழும், குறைந்தால் முள் நடுங்கும். பழைய வால்ஜூ 72இல் இந்த ஒரு எக்ஸன்ட்ரிக் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டி மதியச் சாப்பாட்டை மறந்த நாட்கள் எனக்கு உண்டு. ஸ்க்ரூவைத் தலைமுடி அளவு திருப்பவேண்டும், மூடவேண்டும், பத்து தடவை ஸ்டார்ட் செய்து முள்ளின் நுனியையே பார்க்கவேண்டும், மறுபடி திறக்கவேண்டும். நான் பார்த்த லாங்கேயில் அந்த முள் துள்ளாமல் கிளம்பியது. எல்லாப் பிரதியும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய நான் பார்த்த சிலது போதாது. நீங்கள் வாங்கப்போவதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நிமிட முள் நகரும் விதம். பெரும்பாலான க்ரோனோகிராஃப்களில் விநாடி முள் 58, 59 என்று நெருங்கும்போதே நிமிட முள் மெல்ல நகர ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் நிறுத்தினால் மூன்றா நான்கா என்று குழப்பம். இதில் நடு அச்சில் நத்தை வடிவத்தில் ஒரு கேம் இருக்கிறது. அது ஒரு நெம்புகோலை நிமிடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே போய், 60 ஆனதும் விட்டுவிடும். நெம்புகோல் விழும் அந்த ஒரு கணத்தில் நிமிட முள் ஒரு கட்டம் தாவும். நடுவில் நிற்பது என்ற பேச்சே இல்லை. அடுத்தது ஃப்ளைபேக். ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் சுழியத்துக்குப் போகும், விரலை எடுத்த மாத்திரத்தில் மறுபடி ஓடும். நிறுத்தி, சுழியமாக்கி, மறுபடி தொடங்க மூன்று அழுத்தம் வேண்டிய இடத்தில் ஒன்று. பல்சோமீட்டரோடு சேர்ந்தால் இதற்கு அர்த்தம் வருகிறது, எண்ணிக்கை தவறிவிட்டால் உடனே மறுபடி ஆரம்பிக்கலாம்.

மணிக்கு 18,000 அதிர்வு என்பதால் விநாடிக்கு ஐந்து தட்டு. முள் விநாடியின் ஐந்தில் ஒரு பங்காக அடியெடுத்து வைக்கும். வேகத்தில் இது பழைய பாணிதான். ஜெனித் கம்பெனியின் எல் ப்ரிமேரோ மிஷின் 1969இலேயே 36,000 அதிர்வில் விநாடியின் பத்தில் ஒரு பங்கை அளந்தது. வேகம்தான் உயர்வு என்று நினைப்பவருக்கு லாங்கே ஏற்காது. அது தேடும் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. பலகைகள் பூச்சில்லாத ஜெர்மன் சில்வர் (வெள்ளி சேராத செம்புக் கலவை). வருடம் போகப்போகத் தேன் நிறத்துக்கு மாறும். பேலன்ஸைத் தாங்கும் பாலத்தில் பூ வேலைப்பாடு கையால் செதுக்கியது, ஒவ்வொன்றும் செதுக்கியவர் கையைப் பொறுத்து மாறும். மிஷினை ஒருமுறை முழுக்கச் சேர்த்து, ஓடவிட்டு, சரிபார்த்து, மறுபடி முழுக்கப் பிரித்து, கழுவி, மெருகேற்றி, இரண்டாம் தடவை சேர்க்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவும் பொறாமையாகவும் இருக்கும். முதல் தடவை சேர்க்கும்போது விழும் ஸ்க்ரூடிரைவர் கீறல்கள் எல்லாம் இரண்டாம் தடவையில் போய்விடுமே!

இவ்வளவும் சாதாரண 1815 க்ரோனோகிராஃபிலும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூட்டிக் எடிஷனுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பைசாகூட மிஷினுக்குப் போகவில்லை.

அப்படியானால் கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது? இதற்கு லாங்கேயின் கதையே விடை. 1994 அக்டோபர் 24ஆம் தேதி டிரெஸ்டன் நகரில் அவர்கள் தங்கள் முதல் வாட்சுகளைக் காட்டியபோது சொந்தக் கடை ஒன்றுகூடக் கிடையாது. கையில் இருந்தது 123 வாட்ச். அதை 12 நகைக்கடை, வாட்ச்கடைக்காரர்கள் பங்கிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் பூட்டிக் 2007இல் டிரெஸ்டனில்தான் திறந்தது. பிறகு ஊர் ஊராகப் பூட்டிக் பெருகியது, வெளிக்கடைகள் குறைந்தன. இது லாங்கே மட்டும் செய்வதல்ல. ஓடெமார் பிகே வெளிக்கடைகளைக் கிட்டத்தட்ட முழுக்கக் கழித்துக்கட்டிவிட்டு சொந்தக் கடைகளுக்குப் போனது. ரோலெக்ஸ் 2023இல் புச்சரர் என்ற பெரிய கடைச் சங்கிலியையே வாங்கிப்போட்டது. இடைக்கடைக்காரருக்குப் போகும் லாபம் கம்பெனியிடமே தங்கும். தள்ளுபடியில் விற்று விலையைக் கெடுக்க ஆள் இல்லை. யார் வாங்கினார், அடுத்து என்ன கேட்பார் என்ற விவரமும் கைக்கு வரும். ஆனால் வாங்குகிறவர் ஏன் பழகிய கடைக்காரரை விட்டுவிட்டு பூட்டிக்குக்கு வரவேண்டும்? அங்கேதான் வேறெங்கும் கிடைக்காத ஒரு டயல் வேலைக்கு வருகிறது. பூட்டிக்கைக் கௌரவிக்கும் எடிஷன் என்று அறிவிப்பில் எழுதினாலும், பூட்டிக்குக்கு ஆளை வரவழைக்கும் எடிஷன் என்று நான் வாசித்துக்கொள்வேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம்தானே.

கடைக்கு மரியாதை செய்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் வாட்ச் செய்தவர் பெயரைவிட விற்ற கடையின் பெயருக்கு ஊரில் மதிப்பு அதிகம். மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப்பெயரும் டயலில் எழுதிய பாக்கெட் வாட்சுகள் இன்றும் பழைய குடும்பங்களிலிருந்து வெளியே வருகின்றன. வாங்கியவருக்கு அந்தப் பெயர்தான் உத்தரவாதம். நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடைப் பெயர் போட்ட பட்டெக்குகள் அதே வகை. அந்த உறவின் 170ஆம் ஆண்டுக்காக 2021 டிசம்பரில் டிஃபனி நீல டயலில் 170 பட்டெக் நாட்டிலஸ் 5711 வாட்சுகள் வந்தன. அது க்ரோனோகிராஃப் இல்லை, மூன்று முள் வாட்ச்தான். கடை விலை 52,635 டாலர். முதல் பிரதி தர்ம காரியத்துக்காக நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனத்தின் ஏலத்துக்குப் போய் 65 லட்சம் டாலருக்கு விலைபோனது. மிஷின் அந்தச் சமயத்து மற்ற 5711இல் இருந்த அதேதான். இந்த ஒரு கதையைக் காட்டித்தான் இன்றைக்கு எல்லா ஷோரூமிலும் பூட்டிக் எடிஷன் விலை ஏறும் என்று ஆசை காட்டுகிறார்கள். அங்கே எண்ணிக்கை 170 என்று முடிந்துபோனது, மாடலே உற்பத்தி நிற்கப்போகிறது, சந்தையும் அப்போது உச்சத்தில் இருந்தது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது அபூர்வம். உங்கள் 1815க்கு அந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

எல்லா பூட்டிக் எடிஷனும் ஒரே தரம் இல்லை என்பதற்கும் ஓர் உதாரணம். ஜெனித் 2020இல் க்ரோனோமாஸ்டர் ரிவைவல் மேனுஃபாக்சர் எடிஷன் என்று ஒன்றை வெளியிட்டது. எழுபதுகளில் கம்பெனியை வைத்திருந்த அமெரிக்க முதலாளிகள் இயந்திர வாட்சுகளையே நிறுத்தச் சொன்னபோது, சார்லஸ் வெர்மோ என்ற தொழிலாளி எல் ப்ரிமேரோவின் கருவிகளையும் அச்சுகளையும் மாடியில் ஒளித்து வைத்தார். அந்த மிஷின் பிற்பாடு உயிர்பிழைத்ததே அதனால்தான். அவரைப் பற்றிப் படம் எடுக்கப்போன இடத்தில், அதே பரணிலிருந்து விற்பனைக்கு வராத நீல நிறச் சோதனை டயல்கள் கிடைத்தன. அவற்றைப் பார்த்துச் செய்து, சுவிட்சர்லாந்தின் லெ லாக்லே ஊரில் உள்ள தங்கள் தொழிற்சாலையோடு பிணைத்து வெளியிட்டார்கள். அந்த டயலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உறவு இருக்கிறது. லாங்கேயின் 2015 டயலுக்கும் 2004ஆம் வருட மாடலோடு உறவு இருக்கிறது. அதனால் இரண்டையும் நான் மதிப்பேன். சும்மா பச்சை டயல், நீல டயல் என்று மாற்றி பூட்டிக் பெயர் ஒட்டி வருபவை வேறு ரகம். உள்ளே 7750 அடிப்படையில் ஒரு மிஷின் இருக்கும். மிஷினில் குறை இல்லை. ஆனால் அந்த டயலுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இனி விலை. இங்கிருந்து என் பேச்சுக்குப் பாதி மதிப்புதான் கொடுங்கள். 2020இலிருந்து 2022 தொடக்கம் வரை பெரிய பெயர் வாட்சுகள் எல்லாமே ஏறின, பிறகு இறங்கின. இது எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளி டயலும் நீல எண்ணும் உள்ள 1815ஐத் தேடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் கூட்டம் சின்னது. சின்னக் கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விற்க வந்தாலே விலை ஆடும். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். பத்து வருடத்தில் இரண்டு சர்வீஸ், அதுவும் கம்பெனி வழியாக, ஜெர்மனிக்குப் போய் வரவேண்டியிருக்கும். க்ரோனோகிராஃப் சர்வீஸ் சாதாரண வாட்ச் சர்வீஸைவிட எப்போதும் அதிகம். அந்தச் செலவை எழுதாமல் லாபக் கணக்குப் போடும் விற்பனையாளரை நான் நம்பமாட்டேன். ஊருக்கு வரும்போது கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் இது வரியில்லா வரம்பைப் பல மடங்கு தாண்டும் பொருள், கஸ்டம்ஸில் சொல்லியாக வேண்டும். விற்பவர் நண்பர் அதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், கடையில் உட்கார்ந்து அவசரப்படாமல் சிலதைச் செய்து பாருங்கள். முழுச் சாவி கொடுத்துவிட்டு க்ரோனோவை ஓடவிட்டு, 60ஆவது விநாடியில் நிமிட முள் தாவுவதை மூன்று நான்கு தடவை கண்ணால் பாருங்கள். முன்னதாக நகர்ந்தாலோ, தாவிய பின் கோட்டுக்குத் தள்ளி நின்றாலோ சர்வீஸுக்கு வேளை வந்துவிட்டது. ஓடும்போது கீழ்ப் பொத்தானை அழுத்துங்கள். முள் சரியாக 60இல் போய் நிற்கவேண்டும், கோட்டுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சரியக்கூடாது. டைம்கிராஃபர் வைத்திருக்கும் கடை என்றால் க்ரோனோ ஓடாமலும் ஓடவிட்டும் வீச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டு அமைப்பில் ஓடவிட்டால் வீச்சு கொஞ்சம் குறைவது இயல்பு. தடாலென்று விழுந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. கேஸின் விளிம்பை லூப்பில் பாருங்கள். வெள்ளைத் தங்கம் மென்மை, யாராவது பாலிஷ் போட்டிருந்தால் லக்கின் (பட்டை மாட்டும் கொம்பு) கூர்மை மழுங்கியிருக்கும். பெட்டியும் காகிதமும் இருக்கவேண்டும், கேஸ் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். வாங்கிய இடம் பூட்டிக் என்று காகிதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டிக்கில் மட்டும் விற்ற வாட்சுக்கு வேறு கடையின் முத்திரை இருந்தால் காரணம் கேட்கவேண்டும்.

இன்னொன்று. உங்களை இழுப்பது பல்சோமீட்டர்தான் என்றால், 2004ஆம் வருட மாடலையும் 2017க்குப் பிந்தைய கறுப்பு டயலையும் விலை விசாரித்துவிட்டு அப்புறம் பேரத்துக்குப் போங்கள். முதல் மாடலில் பழைய எல்951.0 மிஷின், 60 மணி நேர ஓட்டம் கிடையாது, ஆனால் அந்தக் கோடு முதலில் வந்தது அதில்தான். மூன்றையும் ஒரே நாளில் கையில் கட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். சிங்கப்பூரில் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படியும் வெள்ளி டயலை விட்டுக் கண் நகரவில்லை என்றால், லிமிடெட் என்ற சொல்லுக்கு ஏற்றிய தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.